மோருக்குள் நெல்லி மணிகள்: மூலிகைச் சாற்றை உறையிட்டு மோரில் சேர்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நெல்லிமுள்ளியை, அதாவது உலர்ந்த நெல்லிக்காயை, ஊறவைத்து வடித்த நீரில் இரண்டு கரண்டி எடுத்து, ஒரு தம்ளர் கடைந்த மோரில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். வெண்மை மங்கிப் பழுப்பேறும். மோரின் வழவழப்புப் போய்ச் சிறு திரிகளாகத் திரண்டு அடியில் படியும். நெல்லியின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் பாலின் கேசின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அதனுடன் சேர்ந்து படிவதே இதற்குக் காரணம். இதனால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. மோர் தன் இயல்பை இழக்கிறது; எந்தச் சாரத்துக்காக நெல்லியைச் சேர்த்தோமோ அதில் ஒரு பகுதி புரதத்திடம் சிக்கிக்கொள்கிறது. நெல்லி மட்டுமல்லாமல், மாதுளைத் தோல், தேயிலை, ஆவாரம்பூ எனத் துவர்ப்புள்ள எந்தச் சாற்றைச் சேர்த்தாலும் ஏறத்தாழ இதுவே நடக்கும்.

சாற்றைச் சிறு மணிகளுக்குள் அடைத்து, பாலும் அதுவும் ஒன்றையொன்று தொடாதபடி வைப்பதுதான் உறையிடும் முறை. சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் சிறிய அளவில் தயிர், மோர் விற்போரும், சுயஉதவிக் குழுவினரும், உணவியல் படிக்கத் தொடங்கும் மாணவர்களும் பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் இதை முயன்று பார்க்க இந்தக் கட்டுரை உதவும். தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் ‘உறை’ என்பது பாலைத் தயிராக்க ஊற்றும் பிரையையும் குறிக்கும், பொருளை மூடும் போர்வையையும் குறிக்கும். குழப்பம் வராதிருக்க, பாலில் ஊற்றுவதை இங்கு உறைமோர் என்றும், சாறு அடைத்த உருண்டைகளை மணிகள் என்றும் எழுதுகிறேன்.

எந்தச் செடி, எந்த உறை

முதல் முயற்சிக்கு நெல்லிமுள்ளியையே பரிந்துரைக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்டு வரும் பொருள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் டானின் உறையை விட்டு வெளியே கசிந்தால் எளிய சோதனை ஒன்றால் கண்டுபிடித்துவிடலாம். காயவைக்கும்போது வைட்டமின் சி பெரிதும் குறைந்துவிடுவதால், அதை நம்பி இந்த மோரைச் செய்ய வேண்டாம். ஏற்காட்டுத் தோட்டங்களில் மலிவாகக் கிடைக்கும் காப்பிப் பழத்தோலைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதில் காஃபீன் உண்டு; குழந்தைகளும் குடிக்கும் மோரில் அதைச் சேர்ப்பதை நான் விரும்பவில்லை. உண்ணும் பழக்கம் இல்லாத காட்டுச் செடி எதையும், யார் சொன்னாலும், இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. சாறாக்கும்போது அதன் நன்மையைப் போலவே நஞ்சும் செறிவாகும்.

உறைக்குச் சோடியம் ஆல்ஜினேட் என்னும் மாவைப் பயன்படுத்துவோம். இது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது; நம் மண்டபம் கடலோரத்தில் சேகரிக்கப்படும் சர்காசம் பாசியும் இதற்கு மூலப்பொருளாகிறது. நீரில் கரைந்த ஆல்ஜினேட் நீண்ட இழைகளாக மிதந்துகொண்டிருக்கும். அதில் கால்சியம் பட்ட உடனே இழைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து, நடுவில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, களியாக இறுகிவிடும். சூடு தேவையில்லை என்பதால் சாற்றின் மணமும் நிறமும் கெடுவதில்லை. விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் ஆகியவற்றாலும் உறை செய்யலாம். ஆனால் விரத நாளிலும் கோயில் பந்தலிலும் கொடுக்கப்படும் நீர்மோரில் அவற்றைச் சேர்ப்பது குடிப்பவரின் நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம் என்பதால் நான் அவற்றைத் தொடுவதில்லை.

கடைகளில் கிடைக்கும் உறையிட்ட மூலிகைப் பொடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவற்றில் பல, மாவுச்சத்திலிருந்து செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரினையும் அரபிக் கோந்தையும் சாற்றோடு கலந்து, சூடான காற்றில் தெளித்து உலர்த்தியவை. காற்றிலும் ஈரத்திலும் இருந்து பொடியைக் காப்பதில் அவை சிறந்தவை. ஆனால் அந்த இரண்டு பொருள்களும் நீரில் கரையக்கூடியவை. பொடியை மோரில் போட்ட சில நிமிடங்களில் உறை கரைந்து சாறு வெளியே வந்துவிடும். உலர்ந்த கலவைக்கு ஏற்ற உறை வேறு, குடிக்கும் மோருக்கு ஏற்ற உறை வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் விலை உயர்ந்த பொடியை வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

தண்ணீரும் பாத்திரமும்

இந்த வேலையில் சேலத்துக்காரர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் தண்ணீர்தான். சுண்ணாம்புக் கரடு என்று ஒரு மேட்டுக்கே பெயர் வைத்திருக்கும் ஊர் இது. இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடினமானது. கடின நீரில் இருக்கும் கால்சியம், நாம் கால்சியம் சேர்க்கும் முன்பே ஆல்ஜினேட்டைப் பிடித்து இறுக்கிவிடும். என் முதல் கரைசல் கூழாகவும் இல்லாமல், நீராகவும் இல்லாமல், மீன் கண் போன்ற கட்டிகளாகவே நின்றது. மாவுதான் மட்டம் என்று எண்ணி இரண்டாவது பொட்டலம் வாங்கி வந்து, அதையும் அதே நீரில் வீணாக்கிய பிறகுதான் குற்றம் நீரில் இருப்பது புரிந்தது. ஆகவே ஆல்ஜினேட்டைக் கரைக்கவும், மணிகளை அலசவும் ஆர்.ஓ. நீரையோ வாலை வடிநீரையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். இரும்பு வாணலியில் நெல்லியைக் கொதிக்கவிட்டால் டானினும் இரும்பும் சேர்ந்து மை போலக் கறுத்துவிடும். துருப்பிடித்த குழாயில் பிடித்த நீரும் அதையே செய்யும். இதே கறுப்பைப் பின்னால் நாம் சோதனைக்குப் பயன்படுத்தப் போகிறோம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. உணவுத் தரச் சோடியம் ஆல்ஜினேட்டில் பாகுத்தன்மை குறைந்த வகை, உணவுத் தரக் கால்சியம் லாக்டேட், 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, வெப்பமானி, புளிப்பை அளக்கும் பி.எச். தாள் அல்லது பி.எச். மானி (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), முனை மழுங்கிய ஊசி பொருத்திய 10 மி.லி. சிரிஞ்சு, மெல்லிய வடிகட்டி ஆகியவை போதும். கால்சியம் குளோரைடும் மணியை இறுக்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் கசப்பு மணியில் தங்கிவிடுகிறது. லாக்டேட்டில் அந்தக் கசப்பு இல்லை. இரண்டிலும் கால்சியத்தின் பங்கு வேறு என்பதை மறக்க வேண்டாம்: படிகநீரோடு கூடிய 1 கிராம் கால்சியம் குளோரைடு தரும் கால்சியத்தைப் பெற, ஏறத்தாழ 2 கிராம் லாக்டேட் தேவைப்படும்.

முதல் நாள்: தயிர்

1 லிட்டர் பசும்பாலை 85 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அந்த நிலையிலேயே பத்து நிமிடம் வைத்திருங்கள். இந்தச் சூட்டில் பாலின் தெளிநீரில் உள்ள புரதங்கள் இயல்பு மாறிக் கேசினோடு சேர்ந்துகொள்வதால் தயிர் கெட்டியாக உறையும், நீர் பிரிவதும் குறையும். ஏற்காடு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிநீரில் வைத்த வெப்பமானி 100 காட்டவில்லையே என்று அதைக் குறை சொல்ல வேண்டாம். நமக்குத் தேவையான 90 டிகிரி மலையிலும் எட்டக்கூடியதே.

பாலை 43 டிகிரிக்கு ஆறவிட்டு உறைமோர் சேர்க்க வேண்டும். வீட்டுத் தயிரை ஊற்றினால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகப் புளிக்கும். அதில் எந்தெந்த நுண்ணுயிர்கள் எவ்வளவு உள்ளன என்பது நமக்குத் தெரியாது. முயற்சிக் காலத்திலாவது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் ஆகிய இரண்டும் கலந்த உலர் வளர்ப்பை வாங்கி, பொட்டலத்தில் சொன்ன அளவில் பயன்படுத்துங்கள். 42, 43 டிகிரியில் ஐந்து, ஆறு மணி நேரத்தில் பி.எச். 4.6க்கு அருகில் வந்துவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் பாத்திரத்தை மூடி வைத்தாலே வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். மலையிலோ மார்கழி இரவில் பால் பாலாகவே நிற்கும். வெந்நீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் தயிர்ப் பாத்திரத்தை வைத்து, கம்பளி சுற்றி, மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியில் இறக்கிவிடுவது நல்லது.

பி.எச். 4.5 ஆனதும் தயிரை உடனே குளிர வைக்க வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பி.எச். 4க்குக் கீழே போகப் போக ஆல்ஜினேட் களி சுருங்கும். சுருங்கும்போது உள்ளிருக்கும் சாற்றையும் பிழிந்து வெளியே தள்ளும். பல்காரிகஸ் குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் மெல்லப் புளிக்க வைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், தொடக்கத்திலேயே புளித்த தயிரை எடுத்தால் மணிகளுக்கு ஆயுள் குறைவு.

குளிர்ந்த தயிரை, கொதிக்க வைத்து ஆறிய நீர் சம அளவு சேர்த்துக் கடையுங்கள். மோர் தெளிந்து பிரிவதைத் தள்ளிப்போட விரும்பினால் அமிலப் பால் பானங்களுக்கென்றே விற்கப்படும் அதிக மெத்தாக்சில் பெக்டினை (பழத்தோலிலிருந்து எடுக்கும் கெட்டியாக்கி) 0.3 முதல் 0.5 விழுக்காடு சேர்க்கலாம். அன்றன்றே விற்கும் மோருக்கு இது தேவையில்லை, குடிக்கும்முன் குலுக்கினால் போதும்.

இரண்டாம் நாள்: சாறும் மணியும்

நெல்லிமுள்ளிப் பொடி 20 கிராமை 200 மி.லி. ஆர்.ஓ. நீரில் போட்டு, 60 முதல் 70 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் வைத்து, மூடிய பாத்திரத்தில் அவ்வப்போது கிளறுங்கள். முதலில் துணியிலும், பிறகு வடிதாளிலும் வடிகட்டுங்கள். சிறு பொடி மிஞ்சினாலும் ஊசி அடைத்துக்கொள்ளும். வடித்த சாற்றை 85 டிகிரிக்கு ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவிடுங்கள். நாட்டு மருந்துக் கடைச் சரக்கு களத்து மண்ணில் காய்ந்து வந்திருக்கும். அதில் வரும் நுண்ணுயிர்களை நம் மோருக்குள் விட வேண்டியதில்லை.

இந்தச் சாறு புளிப்பானது. அதை அப்படியே ஆல்ஜினேட்டில் கலந்தால், அமிலமே ஆல்ஜினேட்டை இறுக்கித் திரித்துவிடும். ஆகவே சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, நுரை அடங்கிய பின் பி.எச். தாளால் பார்த்து, 4.5க்கும் 5க்கும் இடையில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சாறு கருகிய நிறம் கொள்ளும், டானின்களும் காற்றில் விரைவாகச் சிதையும்.

ஆல்ஜினேட் கரைசலை முந்தின இரவே தயாரித்துக்கொள்வது நல்லது. 100 மி.லி. ஆர்.ஓ. நீருக்கு 3 கிராம் ஆல்ஜினேட், 1 கிராம் மரவள்ளி மாவு. மாவு இரண்டையும் உலர்ந்த நிலையில் கலந்து, மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது சிறுகச் சிறுகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளிப்புறம் நனைந்து உட்புறம் உலர்ந்த கட்டிகள் உருவாகி நெடுநேரம் கரையாது. பிறகு கிளறிக்கொண்டே 80 டிகிரிக்குச் சூடாக்கிப் பத்து நிமிடம் வைத்து, மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மிக்ஸியில் புகுந்த காற்றுக் குமிழ்கள் இரவுக்குள் வெளியேறிவிடும். குமிழ் இருக்கும் மணி மோரில் மிதக்கும், அதன் சுவரும் மெலிந்திருக்கும். மரவள்ளி மாவு எதற்கு என்றால், ஆல்ஜினேட் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளை நிரப்பி மணிக்கு உடல் கொடுக்கத்தான். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலத்தில் நல்ல மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை. வெளுப்பூட்டாத மாவாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி 100 மி.லி. சாற்றையும் 100 மி.லி. ஆல்ஜினேட் கரைசலையும் மெதுவாகக் கலந்தால், ஆல்ஜினேட்டின் அளவு 1.5 விழுக்காடாக அமையும். இன்னொரு பாத்திரத்தில் 400 மி.லி. நீரில் 12 கிராம் கால்சியம் லாக்டேட்டைக் கரைத்து, கொதிக்க வைத்து ஆறவிட்டு வைத்திருங்கள். சாற்றுக் கலவையைச் சிரிஞ்சில் ஏற்றி, இந்தக் கால்சியம் நீரின் மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விடுங்கள். மிகத் தாழ்வாகப் பிடித்தால் சொட்டு உருண்டையாகும் முன்பே நீரைத் தொட்டு, தலைப்பிரட்டை போல வாலோடு இறுகும். மிக உயர்த்தினால் நீரில் மோதித் தட்டையாகும். இரண்டு சிரிஞ்சு விட்டுப் பார்த்தால் கைக்கு உயரம் பிடிபட்டுவிடும். நீரை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

ஊசி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சிறிய மணி கிடைக்கும். 2, 3 மில்லிமீட்டர் மணி நாக்கில் தெளிவாகத் தெரியும். மற்ற ஊர்களில் இது ஒரு குறையாகக் கருதப்படலாம். ஜவ்வரிசிப் பாயசம் குடித்து வளர்ந்த இந்த ஊர் நாக்குக்கு மணி தட்டுப்படுவது புதிதல்ல என்பதால், அதை மறைக்க முயலாமல் மோரின் ஓர் அங்கமாகவே கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மணிகளைக் கால்சியம் நீரில் 10 முதல் 15 நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். நெடுநேரம் விட்டால் மணி இன்னும் கெட்டியாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரம் முழுவதும் சாறு கால்சியம் நீருக்குள் கசிந்துகொண்டிருக்கும். வடிகட்டி, ஆறிய ஆர்.ஓ. நீரில் ஒரே முறை அலசி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் நீர் ஊற்றாமல் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

கசிவை அளப்பது

அழகான மணிகள் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆல்ஜினேட் களி ஒரு வலை. அதன் கண்கள் பெரிய புரதங்களைத் தடுக்கும், ஆனால் நீரில் கரையும் சிறிய மூலக்கூறுகளை முழுதாகத் தடுக்காது. நெல்லிச் சாற்றில் காலிக் அமிலம் போன்ற சிறியவை முதலில் வெளியேறும், பெரிய டானின்கள் பின்தங்கும். எனவே எவ்வளவு உள்ளே இருக்கிறது, எவ்வளவு போய்விட்டது என்று அளக்காதவரை, நாம் செய்தது உறையிட்ட மோரா அல்லது வெறும் களி மிதக்கும் மோரா என்பது நமக்கே தெரியாது.

அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆய்வக வேதிப்பொருள் கடையில் ஃபெரிக் குளோரைடு வாங்கி 1 விழுக்காட்டுக் கரைசல் செய்துகொள்ளுங்கள். டானின் உள்ள நீரில் இதை ஒரு சொட்டு விட்டால் நீலங்கலந்த கறுப்பு தோன்றும். மணி போடாத, புதிய கால்சியம் லாக்டேட் நீரில் மூலச் சாற்றை 10 மடங்கு, 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு எனக் கலந்து நான்கு கண்ணாடிக் குழாய்களில் வையுங்கள். ஐந்தாவது குழாயில், மணி இறுக்கிய பிறகு மிஞ்சிய நீர். ஐந்திலும் ஒரே அளவு சொட்டு விட்டு, வெள்ளைத் தாளின் முன்னே பிடித்து ஒப்பிடுங்கள். மிஞ்சிய நீரின் நிறம் 40 மடங்குக் குழாயோடு ஒத்தால், 400 மி.லி. நீரில் 10 மி.லி. சாறு கரைந்திருக்கிறது என்று பொருள். நாம் இட்டது 100 மி.லி. என்பதால், பத்தில் ஒரு பங்கு இறுக்கும்போதே போய்விட்டது. 10 மடங்குக் குழாயோடு ஒத்தால் பத்தில் நான்கு பங்கு போயிருக்கும். அந்தத் தொகுதியை மோரில் சேர்க்காதீர்கள்.

வெறும் நீரில் ஒப்பீட்டுக் குழாய்களைத் தயாரிக்கக் கூடாது என்பதைக் கவனிக்க வேண்டும். லாக்டேட் இரும்போடு சேர்ந்து மஞ்சள் நிறம் தரும். அது எல்லாக் குழாய்களிலும் ஒன்றுபோல் இருந்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். மோருக்குள் கசிந்ததைப் பார்க்கும்போதும் இதே நெறிதான்: மணிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, மோரை வடிதாளில் வடித்துக் கிடைக்கும் தெளிவில் சோதியுங்கள், ஒப்பீட்டுக்கு மணி சேர்க்காத மோரின் தெளிவில் சாற்றைக் கலந்துகொள்ளுங்கள். கசிந்த டானினில் ஒரு பகுதி கேசினோடு படிந்து வடிதாளிலேயே தங்கிவிடும் என்பதால், மோரில் காணும் கசிவு உண்மையைவிடக் குறைவாகவே தெரியும் என்பதையும் மனத்தில் வையுங்கள். சோதித்த நீரை யாரும் குடிக்காதபடி தனியே கொட்டிவிட வேண்டும்.

கசிவு கூடுதலாக இருந்தால் மாற்றிப் பார்க்க வேண்டியவை பல உண்டு. ஆல்ஜினேட்டை 1.5இலிருந்து 2 விழுக்காடாக உயர்த்தலாம். இறுக்கும் நேரத்தைக் குறைக்கலாம். நான் கண்டவற்றுள் மிகுந்த பலன் தந்தது, கால்சியம் நீரையே மூலச் சாற்றில் தயாரிப்பது: உள்ளேயும் வெளியேயும் சாற்றின் செறிவு ஒன்றாக இருந்தால் வெளியேறக் காரணமே இல்லாமல் போகிறது. சாறு கூடுதலாகச் செலவாகும். ஆனால் அதே நீரை அன்றைய அடுத்த தொகுதிக்கும் கொஞ்சம் லாக்டேட் சேர்த்துப் பயன்படுத்த முடியும். எதை மாற்றினாலும் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மோரில் சேர்க்கும்போது

மணிகளை உறைமோர் ஊற்றும்போதே பாலில் போட்டுவிட்டால் ஒரு வேலை மிச்சமாகுமே என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. புளிக்காத பாலின் பி.எச். 6.6 அளவில் இருக்கும். அதிலுள்ள பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் மணியிலிருந்து கால்சியத்தை உருவி அதைத் தளர்த்தும். பிறகு கடையும் மத்து மிச்சத்தை உடைத்துவிடும். பால் புளிக்கப் புளிக்க, கேசினோடு கட்டுண்டிருந்த கால்சியம் கரைந்து வெளியே வருகிறது. மோர் என்பது இயல்பிலேயே கால்சியம் கரைந்த நீர். கடைந்து குளிர்ந்த மோரில் மணிகள் இளகாமல் நிற்பதற்கு இதுவே காரணம். பால் உணவுகளிலேயே இந்த முறைக்கு மிகவும் இசைந்தது மோர்தான் என்று நான் நம்புகிறேன்.

200 மி.லி. மோருக்கு 20 கிராம் மணி என்ற அளவில் தொடங்கலாம். அதில் ஏறத்தாழ 1 கிராம் நெல்லிமுள்ளியின் சாரம் இருக்கும். வீட்டு வழக்கத்துக்கு மீறாத அளவு. கரண்டியால் கலக்குங்கள், மத்தோ மிக்ஸியோ வேண்டாம். பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை தடையின்றிச் சேர்க்கலாம். உப்பில்தான் கவனம் தேவை. உப்பின் சோடியம், மணியிலுள்ள கால்சியத்தின் இடத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு மணியை ஊதச் செய்யும். பந்தலில் உடனே பரிமாறும் நீர்மோருக்கு இது ஒரு பொருட்டல்ல. பாட்டிலில் அடைத்து மூன்று நாள் வைப்பதென்றால், உப்பைப் பாதியாகக் குறைத்து, மீதியைக் குடிப்பவரே சேர்த்துக்கொள்ளும்படி விடுவது நல்லது.

நெல்லிக்குப் பதிலாக மஞ்சளை எடுத்தால் சிக்கலே வேறு. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். ஆகவே மஞ்சளை நல்லெண்ணெயில் மிதமாகச் சூடாக்கி வடித்து, அந்த எண்ணெயை ஆல்ஜினேட் கரைசலில் பத்தில் ஒரு பங்கு சேர்த்து மிக்ஸியில் நன்றாகப் பாலாக அடித்துச் சொட்ட வேண்டும். எண்ணெய்த் துளி வலைக் கண்ணைத் தாண்டாததால் கசிவு மிகவும் குறைவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஏற்காட்டுக் குளிரில் உறைந்து ஊசியை அடைக்கும். குர்குமின் ஒளியில் வெளுக்கும் என்பதால் இந்த மோரை நிறக் குப்பியிலோ இருட்டிலோ வைக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்தல்

ஒரே கடைசலிலிருந்து நான்கு பாட்டில்களை நிரப்புங்கள்: வெறும் மோர், சாற்றை நேரடியாகக் கலந்த மோர், சாறு இல்லாத வெற்று மணி போட்ட மோர், சாற்று மணி போட்ட மோர். நான்காவதை மட்டும் செய்து பார்த்து மகிழ்ந்துவிட்டால், கண்ட மாற்றம் சாற்றால் வந்ததா, மணியால் வந்ததா, மோர் தானே புளித்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது. நான்கையும் 4 டிகிரியில் வைத்து, முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் பி.எச்., படிவு, மணியின் உறுதி, கசிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மணத்திலோ நிறத்திலோ ஐயம் வந்தால் சுவைக்க வேண்டாம். பி.எச். 4.6க்குக் கீழிருந்தாலும் ஈஸ்டும் பூஞ்சையும் வளரும். மூடி உப்பிய பாட்டிலைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

சுவையை அறிய நண்பர்களிடம் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்பதால் பயனில்லை. எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றே சொல்வார்கள். மூன்று கோப்பை கொடுத்து, அவற்றுள் இரண்டில் ஒரே மோரையும் ஒன்றில் வேறு மோரையும் ஊற்றி, மாறுபட்டது எது என்று கேளுங்கள். மணியை நாக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால், வெற்று மணி மோரையும் சாற்று மணி மோரையும் எதிரெதிரே வைப்பதே பொருத்தம். மணிகளை மெல்லாமல் விழுங்கச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேராவது சரியாகச் சொன்னால், வேறுபாடு உண்மையாகவே தெரிகிறது, அதாவது சாறு மோரில் கசிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மலையில் செய்து சேலத்தில் விற்க எண்ணுவோர், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சோதனைச் சாலையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பியும், இன்னொன்றைப் பாதி நிரப்பியும், பனிக்கட்டி வைத்த பெட்டியில் அடிவாரம் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். பாதி நிரம்பியதில் மோர் வழியெல்லாம் கடையப்பட்டு வெண்ணெய்த் துகள் மிதக்கும், மணிகளும் சிராய்ந்திருக்கும். கழுத்து வரை நிரம்பியதில் இரண்டும் மிகவும் குறைவு.

விற்கும் முன்

உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் சட்டம் 2006இன் கீழ் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. மூலிகைச் சாறு சேர்த்த பால் பானம் எந்த வகையின் கீழ் வரும், எந்த அளவு வரை சேர்க்கலாம் என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். லேபிளில் சோடியம் ஆல்ஜினேட், கால்சியம் லாக்டேட், மரவள்ளி மாவு, நெல்லிச் சாறு ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், புற்றுநோயைத் தடுக்கும் என்பன போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. சில நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்து, மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், மூன்றாம் நாளில் மணிக்குள் எவ்வளவு டானின் மிஞ்சியிருக்கிறது என்பதையே ஃபெரிக் குளோரைடுச் சொட்டால் தோராயமாக அறிந்திருக்கும் நாம், அது ஒருவரின் உடலுக்குள் என்ன செய்யும் என்று அறுதியிட்டுச் சொல்ல எந்த உரிமையும் இல்லை. ‘நெல்லிச் சாற்று மணிகள் சேர்த்த மோர், 4 டிகிரியில் வைத்து மூன்று நாளுக்குள் அருந்தவும், குடிக்கும்முன் மெதுவாகக் குலுக்கவும்’ என்று எழுதினால் போதும்; அந்த மூன்று நாள் என்னும் கணக்கையும், உங்கள் சமையலறையில், உங்கள் நீரில், உங்கள் மணிகளைச் சோதித்துக் குறித்துவைத்த ஏட்டைப் பார்த்த பிறகே அச்சிடக் கொடுங்கள்.